தூக்கத்தில் திறக்கும் கை

பகலெல்லாம் அந்தக் கை மூடியே இருக்கும். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்க, மற்ற நான்கு விரல்களும் அதன்மேல் பூட்டுப் போட்டதுபோல் இறுகியிருக்கும். முழங்கை மடிந்து நெஞ்சோடு ஒட்டியிருக்கும். பாட்டி எண்ணெயை வெதுவெதுப்பாகச் சுடவைத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து நீவி விடுவார். விட்ட மறுகணமே விரல்கள் மூடிக்கொள்ளும். ஆனால் இரவில், குழந்தை அசந்து தூங்கும்போது விளக்கைப் போட்டுப் பார்த்தால், அதே கை மலர்ந்து பாயில் கிடக்கும். "தூங்குறப்ப நல்லாத்தானே இருக்கு, முழிச்சா மட்டும் ஏன் இப்படி?"

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை இருக்கும் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். கேட்டவரை யாரும் பாராட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் இந்தக் குறைபாட்டைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளில் இதுதான் முதன்மையானது. கோளாறு தசையில் இருந்தால் தசைக்கு ராத்திரி ஏது, பகல் ஏது? துருப்பிடித்த பூட்டு இரவில் மட்டும் தானாகத் திறக்காது. இரவில் கை திறக்கிறது என்றால், 'மூடு' என்ற உத்தரவு வேறெங்கோ இருந்து வருகிறது. தூக்கத்தில் அந்த உத்தரவு ஓய்ந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் செரிப்ரல் பால்சி. மருத்துவமனை வராந்தாக்களில் சுருக்கமாக 'சி.பி.' என்பார்கள். கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த முதல் ஓரிரு ஆண்டுகளிலோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஏற்படும் காயத்தால் அசைவும் உடல் நிலைப்பும் தடுமாறுவதற்குத்தான் இந்தப் பெயர். ஆயிரம் பிறப்புகளுக்குச் சுமார் இரண்டு என்பது உலக அளவில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. இது தொற்றாது. மூளையின் காயம் நாளுக்கு நாள் பெரிதாவதும் இல்லை. ஆனாலும் குழந்தையின் உடல் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே போகும். காயம் அப்படியே நிற்க, உடல் மட்டும் ஏன் மாறுகிறது என்பது இரண்டாவது புதிர். அதற்குப் பிறகு வருவோம்.

தேர் இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வடம் பிடிக்க ஊரே வரும், அதற்குப் பெரிய பயிற்சி வேண்டாம். திறமையெல்லாம் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களிடம்தான் இருக்கிறது. எப்போது போடுவது, எந்தப் பக்கம் போடுவது, எந்த நொடியில் உருவுவது என்று அவர்கள் அறிந்திருப்பதால்தான் தேர் முனை திரும்புகிறது, வீட்டுத் திண்ணையில் ஏறாமல் நிற்கிறது. மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கும் நரம்புப் பாதைகளும் 'இழு' என்று கத்துவதோடு நிற்பதில்லை. 'பொறு', 'போதும்', 'நீ விடு, அவன் இழுக்கட்டும்' என்று முட்டுக்கட்டை போடுவதும் அவற்றின் பெரிய வேலை.

முதுகுத்தண்டுக்கென்று சொந்தமாக ஒரு குணம் உண்டு. மருத்துவர் முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினால் கால் எகிறுகிறதே, அதுதான். தசை சட்டென்று நீண்டால், மூளையைக் கேட்காமலே 'சுருங்கு' என்று முதுகுத்தண்டு ஆணையிடும். வழக்கமாக மூளை இந்தத் துடுக்கை அடக்கி வைத்திருக்கும். அடக்கும் பாதைகள் அறுபட்டால், ஒவ்வொரு நீட்சிக்கும் தசை முறைத்துக்கொண்டு சுருங்கும். இதைத்தான் ஸ்பாஸ்டிசிட்டி என்கிறார்கள். நாம் விறைப்பு எனலாம். இது வேகத்தைப் பொறுத்தது. மெதுவாக நீட்டினால் தசை இணங்கும், வெடுக்கென்று நீட்டினால் பிடித்துக்கொள்ளும். பாட்டி நீவும்போது விரல் பிரிகிறது. காலையில் அவசர அவசரமாக அம்மா சட்டைக் கைக்குள் குழந்தையின் கையை நுழைக்கும்போது அதே முழங்கை மரக்கட்டையாகிவிடுகிறது. கை ஒன்றுதான், வேகம்தான் வேறு.

எந்தப் பாதை அறுபட்டது என்பதைப் பொறுத்து வாதத்தின் முகமும் மாறும். குறைமாதக் குழந்தைகளில் பலருக்குக் கால்கள் மட்டும் அதிகமாக விறைத்து, நிற்கவைத்தால் கத்தரிக்கோல்போலப் பின்னிக்கொள்ளும். கைகள் ஓரளவு நன்றாக இருக்கும். காரணம் மூளையின் நில அமைப்பு. மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. கால்களுக்குச் செல்லும் நரம்பிழைகள் அந்த அறைகளின் சுவரை ஒட்டியே இறங்குகின்றன. கைக்குப் போகிறவை சற்றுத் தள்ளி. குறைமாதத்தில் எளிதில் காயப்படும் இடம் அந்தச் சுவரோரம்தான், குளக்கரையை ஒட்டிய வீடுகளுக்குள் முதலில் வெள்ளம் புகுவதுபோல. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை மிகையாகி, கவனிக்கப்படாமல் போனால், மூளையின் ஆழத்திலுள்ள அடித்திரள்கள் பாதிக்கப்படும். அப்போது விறைப்பைவிட, கைகால்கள் தாமாக முறுகிச் சுழலும் வகை வரும். கருவிலோ பிறந்த வேளையிலோ மூளையின் ஒரு பக்க இரத்தக் குழாய் அடைபட்டால், உடலின் எதிர்ப்பக்கம் மட்டும் செயலிழக்கும். நாம் தொடங்கிய மூடிய கை இந்த மூன்றாம் வகை. இனி அதையே பின்தொடர்வோம்.

லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1861-இல், கடினமான பிரசவமும் மூச்சுத்திணறலுமே இந்த விறைப்புக்குக் காரணம் என்று வாதிட்டார். நெடுங்காலம் இதற்கு 'லிட்டில் நோய்' என்றே பெயர். ஒருவர் அதை மறுத்தார்: கருவிலேயே ஏதோ கோளாறு நடந்திருக்கலாம், பிரசவம் சிக்கலானது அதன் அறிகுறியாகவும் இருக்கலாமே என்றார். அவர் சிக்மண்ட் பிராய்டு. கனவுகளின் பக்கம் போகுமுன் அவர் குழந்தை நரம்பியல் வல்லுநர், 1897-இல் இதைப் பற்றித் தடிமனான நூலே எழுதியவர். 1986-இல் அமெரிக்காவில் கரின் நெல்சனும் ஜோனாஸ் எல்லன்பெர்க்கும் சுமார் 54,000 கர்ப்பங்களின் பதிவுகளை அலசியபோது, பிரசவ மூச்சுத்திணறலால் மட்டும் வந்தவை சிறு பங்கே என்று தெரிந்தது. பிராய்டு சொன்னதில் பின்னாளில் ஆய்வு ஆதரித்த ஒன்று இது என்று நரம்பியலாளர்கள் கொஞ்சம் குறும்போடு சொல்வதுண்டு. "பிரசவத்துல நான் சரியா முக்கலையோ" என்று இன்னும் தன்னையே நொந்துகொள்ளும் தாய்மார்களிடம் இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

"எங்க பேரன் ஆறு மாசத்துலேயே சோத்துக்கைக்காரன். எதைக் கொடுத்தாலும் வலது கையாலதான் வாங்குவான்" என்று பெருமைப்படும் வீடுகள் உண்டு. குழந்தை மருத்துவர் காதில் இது விழுந்தால் நிமிர்ந்து உட்காருவார். ஒரு வயதுக்குள் குழந்தைகள் இரு கைகளையும் ஏறக்குறைய சமமாகவே பயன்படுத்த வேண்டும். அதற்குமுன் ஒரு கையை மட்டும் விரும்பினால், வலது கை கெட்டி என்று பொருள் கொள்ளக்கூடாது. இடது கை பின்தங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏன் பின்தங்குகிறது? இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜேனட் ஐரும் அவருடைய குழுவினரும் ஒரு கருவியைக் கொண்டு தேடினார்கள். தலையின் மேல் கம்பிச்சுருள் ஒன்றைப் பிடித்து நொடிநேரக் காந்தத் துடிப்பு கொடுத்தால், அதன் கீழுள்ள மூளைப்பகுதி தூண்டப்படும், கைத்தசை லேசாகத் துடிக்கும். வலி இல்லை. பெரியவர்களிடம் இடது மூளையைத் தூண்டினால் வலது கைதான் துடிக்கும். பச்சிளங் குழந்தைகளிடம் இரு கைகளுமே துடித்தன. அதாவது பிறக்கும்போது மூளையின் ஒவ்வொரு பாதியும் இரு கைகளுக்கும் கம்பி இழுத்து வைத்திருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் அதே பக்கத்துக் கம்பிகள் பின்வாங்கிக்கொள்ள, எதிர்ப்பக்கத்துக் கம்பிகள் வலுப்பெறுகின்றன.

எது பின்வாங்குவது, எது நிற்பது என்று யார் தீர்மானிக்கிறார்கள்? பயன்பாடு. கடைமடை விவசாயிகளிடம் கேட்டால் விளக்கம் வேறு தேவையில்லை. மேல்மடைக்காரர் தாராளமாகத் தண்ணீர் எடுத்துக்கொள்ள, கடைமடைக்குச் சொட்டு வருகிறது. வாய்க்காலில் தண்ணீர் இல்லாததால் யாரும் தூர்வாருவதில்லை. தூர்வாராததால் கோரை மண்டுகிறது. அடுத்த ஆண்டு அணை நிரம்பினாலும் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. காயம்பட்ட பாதியிலும் தப்பிய நரம்பிழைகள் கொஞ்சம் இருக்கும். ஆனால் நல்ல பாதியிலிருந்து வரும் கம்பிகள், பின்வாங்க வேண்டியவைகூட, போட்டியில் வென்று இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. முதல் காயத்தோடு, இந்தப் போட்டியில் தோற்றது இரண்டாம் இழப்பாகச் சேர்கிறது. உடல் ஏன் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது என்ற புதிரின் ஒரு பாதி இது.

கேட்பதற்குச் சோகம்தான். ஆனால் பயன்பாட்டால் கெட்டது பயன்பாட்டால் திருந்தவும் கூடுமே! இங்கேதான் குரங்குகள் வருகின்றன.

1895-இல் மாட், ஷெரிங்டன் என்ற இரு ஆங்கிலேயர்கள் குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகளை மட்டும் அறுத்தார்கள். அசைக்கும் நரம்புகளைத் தொடவே இல்லை. இருந்தும் குரங்கு அந்தக் கையை ஒருபோதும் பயன்படுத்தவில்லை. உணர்வில்லாமல் அசைவே கிடையாது என்று முடிவு கட்டினார்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இதுவே வேதவாக்கு. பிறகு எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் எளிய காரியம் செய்தார். குரங்கின் நல்ல கையைக் கட்டிப்போட்டார். பசித்த குரங்கு, 'அசையாத' கையை நீட்டி உணவை எடுத்தது! ஓரிரு நாள் கட்டி அவிழ்த்தால் பழையபடி நல்ல கைக்கே திரும்பியது. பல நாள் கட்டி வைத்தால், அவிழ்த்த பிறகும் அந்தக் கையைப் பயன்படுத்தியது.

டாப் இதற்குத் தந்த விளக்கம்: அறுவை முடிந்த புதிதில் கை உண்மையிலேயே அசையாது. குரங்கு முயன்று பார்க்கும், தோற்கும், விழும். மூன்று காலால் சமாளிக்கக் கற்றுக்கொள்ளும். பிறகு கை தேறினாலும் அது குரங்குக்குத் தெரியாது, ஏனென்றால் அது மறுபடி முயல்வதே இல்லை. 'பயன்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்ளுதல்' என்று இதற்குப் பெயரிட்டார். நான் 'கற்ற கைவிடல்' என்று சுருக்குகிறேன். கையைக் கைவிடுவது என்ற சிலேடை தமிழில் தானாகவே அமைந்துவிட்டது. பிறவியிலேயே இந்த நிலை வந்த குழந்தை இன்னும் ஒரு படி கீழே. பயன்படுத்தி மறந்த கை என்றுகூட அதற்கு இல்லை. அந்தக் கை இருக்கிறது என்பதே அதன் கணக்கில் ஏறியிருக்காது.

இந்த அறிவு சும்மா வரவில்லை. 1981-இல் மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங் ஊரிலிருந்த டாபின் ஆய்வகத்தில் குரங்குகள் வைக்கப்பட்டிருந்த நிலையை விலங்குரிமைப் போராளிகள் அம்பலப்படுத்தினார்கள். வழக்கு, தீர்ப்பு, மேல்முறையீடு என்று இழுத்து, கடைசியில் தண்டனை நிற்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் ஆய்வக விலங்குகளுக்கான சட்டம் இறுகியதில் அந்தக் குரங்குகளுக்குப் பங்குண்டு. அதே குரங்குகளை ஆராய்ந்து 1991-இல் முடிவை வெளியிட்டபோது, செயலற்ற கைக்குரிய மூளைப் பகுதியைப் பக்கத்திலிருந்த முகப் பகுதி ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் ஆக்கிரமித்திருந்தது தெரியவந்தது. மூளையிலும் காலி மனை நெடுநாள் காலியாகக் கிடக்காது. இந்தச் சிகிச்சையால் பயன்பெறும் குழந்தைகளைப் பற்றி எழுதும்போது அந்தக் குரங்குகளைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

பக்கவாதம் வந்த பெரியவர்களிடம் முதலில் முயன்று, பிறகு குழந்தைகளுக்கு வந்தது இந்த முறை. நல்ல கைக்கு மெல்லிய மாவுக்கட்டோ கையுறையோ போட்டு, பலவீனமான கையை வேலை வாங்குவது. கட்டுப்பாட்டு முறைப் பயிற்சி எனலாம். 2004-இல் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் டாப் குழுவினர் 18 குழந்தைகளைச் சீட்டுக்குலுக்கல்போல இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரம், 21 நாள் தொடர் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. பயிற்சி பெற்ற குழந்தைகள் அதுவரை செய்யாத புதிய கை வேலைகளைச் செய்தார்கள், வீட்டிலும் செய்தார்கள். 18 சிறிய எண்தான். ஆனால் பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அதே திசையில்தான் கைகாட்டின.

மணி நேரக் கணக்கைக் கவனியுங்கள். 6 மணி, 21 நாள். வாரத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறிப்போய், அரை மணி நேரம் 'தெரபி' வாங்கி வருகிற நம் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டால் பெருமூச்சுதான் வரும். அந்த 6 மணியில் நடப்பது தண்டால் அல்ல. விளையாட்டு. கோபுரம் கட்டு, பந்தை உருட்டு, பிஸ்கட்டை எடு. இன்று பந்தைத் தொட்டால் போதும், நாளை தள்ள வேண்டும், மறுநாள் பிடிக்க வேண்டும். குழந்தை பத்துக்கு ஏழெட்டு முறை வெல்கிற மாதிரியும், இரண்டு மூன்று முறை தோற்கிற மாதிரியும் சிகிச்சையாளர் படியின் உயரத்தை மாற்றிக்கொண்டே இருப்பார். நல்ல கணக்கு வாத்தியாரின் கலை இது.

கட்டிப்போட்டதே மருந்தா, பயிற்சிதான் மருந்தா? நியூயார்க்கில் ஜாக் மார்ட்டின் குழுவினர் பூனைக்குட்டிகளிடம் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். நல்ல முன்னங்காலைக் கட்டிப்போட்டது மட்டும் போதவில்லை. கட்டியதோடு மற்றக் காலுக்கு நுட்பமான வேலை கொடுத்து, அதையும் சிறுவயதிலேயே கொடுத்தபோதுதான் திறமை மீண்டது. குழந்தைகளிடம் ஆண்ட்ரூ கார்டன் வேறொரு கோணத்தில் கேட்டார்: கட்டவே கட்டாமல், இரு கையும் வேண்டிய வேலைகளை அதே அளவு நேரம் கொடுத்தால்? 42 குழந்தைகள், இரு பிரிவுக்கும் தலா 90 மணி நேரம். முன்னேற்றம் ஏறக்குறைய சமம்! ஆக, கட்டுதான் மந்திரம் என்ற நம்பிக்கை உதிர்ந்தது. குழந்தை தானாக முயலும் நேரம்தான் எஞ்சி நின்றது.

இன்னும் நேரடியாக நம் பாட்டியைத் தொடும் ஆய்வு ஒன்று சுவீடனில் நடந்தது. ஆன்-கிறிஸ்டின் எலியாசன் குழுவினர் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்குத் தினம் அரை மணி, நல்ல கைக்குச் சின்ன உறை மாட்டி, மற்றக் கையால் பொம்மையைப் பிடிக்கவைக்கும் விளையாட்டு. வீட்டில் பெற்றோரே செய்ய வேண்டும். மறு பிரிவுக்கு அதே அரை மணி மசாஜ். இரண்டிலும் அன்பு உண்டு, தொடுதல் உண்டு, நேரம் உண்டு. கையின் திறன் கூடியது விளையாடிய குழந்தைகளிடம்தான். பாட்டியின் எண்ணெயை நான் குறைசொல்ல மாட்டேன். அதில் குழந்தைக்குச் சுகமும் உறக்கமும் இருக்கின்றன. ஆனால் நீவும்போது அசைவது பாட்டியின் மூளையில் எழுதிய அசைவு. குழந்தையின் மூளை அப்போது பயணி, ஓட்டுநர் அல்ல. பஸ்ஸில் நூறு முறை போனாலும் பஸ் ஓட்ட வராது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். வலது கை விறைத்த பிள்ளை இடது கையால் சாப்பிட்டால், "பீச்சாங்கையால சாப்பிடாதே" என்று நம் வீடுகளில் அதட்டுவார்களே, அதுவும் ஒரு கட்டுப்பாட்டு முறைதானே? அல்ல. அதட்டலில் படிகள் இல்லை, வெற்றி இல்லை, விளையாட்டு இல்லை. பசியும் அவமானமும்தான் இருக்கின்றன. பசித்த பிள்ளை எந்தக் கையால் வேண்டுமானாலும் சாப்பிடட்டும்.

சிகிச்சை வேலை செய்ததா என்று அறிவது எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு ஒரு கனடாக் கதை. உயர் அழுத்த அறையில் குழந்தையை உட்காரவைத்து ஆக்சிஜன் கொடுத்தால் மூளை தேறும் என்ற நம்பிக்கை பெற்றோரிடம் பரவியது. கியூபெக் மாநிலத்தில் 111 குழந்தைகளை வைத்துச் சோதித்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் தலா 40 அமர்வுகள். ஒரு பிரிவுக்கு உயர் அழுத்தத்தில் தூய ஆக்சிஜன். மறு பிரிவுக்கு அழுத்தம் லேசாகக் கூடிய சாதாரணக் காற்று. யாருக்கு எது என்று குடும்பங்களுக்குத் தெரியாது. ஆக்சிஜன் பிரிவு கணிசமாக முன்னேறியது. பெற்றோர் மகிழ்ந்தனர். சாதாரணக் காற்றுப் பிரிவும் அதே அளவு முன்னேறியிருந்தது. குழந்தை எப்படியும் வளரும். இரண்டு மாதம் பெற்றோரின் முழுக் கவனமும் அதன்மேல் இருந்திருக்கும். ஒப்பிட இன்னொரு பிரிவு இல்லாமலிருந்தால், எல்லாப் பெருமையும் ஆக்சிஜனுக்குப் போயிருக்கும். காற்றுக்கே குணமாக்கும் சக்தி உண்டு என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். நம்பிக்கைக்கு எப்போதும் ஒரு பின்வாசல் இருக்கும்.

நம் ஊரில் அந்த இடத்தை ஸ்டெம் செல் ஊசிகள் பிடித்திருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன: இரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர, மற்றவற்றுக்கு முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுப்பது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. தாலியை அடகுவைத்து ஊசி போட்டு வரும் குடும்பத்திடம், "ஊசிக்குப் பிறகு கொஞ்சம் தேறினான்" என்பதில் ஊசியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட யாரிடமும் ஒப்பீட்டுப் பிரிவு இல்லை.

இனி புதிரின் மறுபாதி. தூக்கத்தில் திறக்கும் கை, பத்து வயதில் தூக்கத்திலும் முழுதாகத் திறக்காமல் போகலாம். குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடக்கும் பிள்ளைக்கு, மயக்க மருந்து கொடுத்தாலும் குதிகால் இறங்காமல் போகலாம். இப்போது உத்தரவு மட்டும் காரணமல்ல, தசையே மாறிவிட்டது. எலும்பு வளர வளரத் தசையும் நீள வேண்டும். தசையிழை என்பது நுண்ணிய கண்ணிகள் வரிசையாகக் கோத்த சரம். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நீளம். வளரும்போது புதிய கண்ணிகள் சேரும். அமெரிக்காவில் ரிச்சர்ட் லீபர் குழுவினர், அறுவைச் சிகிச்சையின்போது இந்தக் குழந்தைகளின் தசையை அளந்து பார்த்தார்கள். குட்டையான தசையில் கண்ணிகள் சுருங்கி இருக்கும் என்றுதானே நினைப்போம்? ஒவ்வொரு கண்ணியும் அளவுக்கு மீறி இழுபட்டிருந்தது. கண்ணிகளின் எண்ணிக்கைதான் குறைவு. புதிதாகத் தசையை வளர்க்கும் மூலச் செல்களும் குறைந்திருந்தன.

பூக்கடையில் இரண்டு முழம் வாங்குங்கள். ஒன்று நெருக்கிக் கட்டியது, இன்னொன்று பூவுக்குப் பூ இடைவெளி விட்டு இழுத்துக் கட்டியது. முழம் ஒன்றுதான், பூ பாதிதான். இந்தக் குழந்தைகளின் தசை இரண்டாவது சரம். அதைக் கையால் பிடித்து இழுத்தால் இடைவெளி கூடுமே ஒழிய, பூ கூடாது. தினம் கொஞ்ச நேரம் கையால் இழுத்து நீட்டும் பயிற்சி மட்டும் தசைக் குறுக்கத்தைத் தடுக்கவில்லை என்று ஆய்வுகள் சொல்வதன் பின்னால் இதுவும் இருக்கலாம். மணிக்கணக்கில் ஒரே நிலையில் தாங்கும் காலணி போன்ற சாதனங்கள், சில வாரத் தொடர் மாவுக்கட்டு, விறைப்பைச் சில மாதங்களுக்குத் தணிக்கும் போட்டுலினம் ஊசி, தேவைப்பட்டால் அறுவை என்று இதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. அவை கதவைத் திறந்துவைக்கும். உள்ளே நடந்து போக வேண்டியது குழந்தை.

இடுப்பெலும்பைப் பற்றி ஒரு வார்த்தை, அது சத்தமில்லாமல் நடக்கும் விபத்து என்பதால். விறைத்த தசைகள் தொடையெலும்பின் பந்தைக் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கும். இந்தக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இது நேர்கிறது, தானாக நடக்க முடியாதவர்களில் மிக அதிகமாக. வலி தொடங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். தென் சுவீடனில் 1994 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் குறித்த இடைவெளியில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்து, விலகத் தொடங்கும்போதே தடுத்தார்கள். பத்தில் ஒருவருக்கு நெருக்கமாக இருந்த முழு இடுப்பு விலகல், நூறில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. புதிய மருந்தோ கருவியோ இல்லை. ஒரு எக்ஸ்ரேயும் ஒரு பதிவேடும்தான்.

"நடப்பானா டாக்டர்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ரோசன்பாம், ராபர்ட் பலிசானோ முதலியோர் 1997-இல் இதற்கு ஐந்து படிநிலைகளை வகுத்தார்கள். முதல் நிலைப் பிள்ளை ஓடும், கொஞ்சம் தடுமாறும். மூன்றாம் நிலையில் வாக்கர் வேண்டும். ஐந்தாம் நிலையில் தலை நிற்கவே துணை வேண்டும். பிறகு 657 குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, ஒவ்வொரு நிலைக்கும் வளர்ச்சிக் கோடு வரைந்து 2002-இல் வெளியிட்டார்கள். முதல் நிலைக் குழந்தை தன் அசைவுத் திறனில் 90 விழுக்காட்டைச் சுமார் 5 வயதுக்குள் எட்டிவிடுகிறது. ஐந்தாம் நிலைக் குழந்தை 3 வயதுக்கு முன்பே. "போகப் போகச் சரியாகும், பொறுங்கள்" என்ற ஆறுதல் வார்த்தை இந்தக் கோடுகளின் முன் எவ்வளவு விலை உயர்ந்தது என்று தெரிகிறது. ஆஸ்திரிய மருத்துவர் ஹைன்ஸ் பிரெக்ட்டல் காட்டியபடி, மூன்று மாதக் குழந்தையின் கழுத்து, மணிக்கட்டு, கணுக்காலில் இடைவிடாது தெரியும் சின்னஞ்சிறு நெளிவுகள் இல்லாமலிருந்தால், அப்போதே சந்தேகிக்கலாம். அதற்கு வேண்டியது ஒரு வீடியோவும், பார்க்கத் தெரிந்த கண்ணும்.

அந்தக் கோடுகளை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். நான்காம், ஐந்தாம் நிலைப் பிள்ளையை நடக்கவைத்தே தீருவது என்று அதன் பிள்ளைப்பருவம் முழுவதையும் செலவழிப்பது நியாயமா? நன்றாக உட்காரவைக்கும் நாற்காலி, மூச்சடைக்காமல் சாப்பிடும் முறை, 'ஆம்', 'இல்லை' சொல்ல ஒரு படப் பலகை ஆகியவையும் மறுவாழ்வுதான். சில வேளைகளில் இவைதான் முதன்மையானவை. 1972-இல் பம்பாயில் மிது ஆலுர் தன் மகள் மாலினி சிப்புக்காகப் பள்ளி தேடி, கிடைக்காமல், தானே ஒரு நிறுவனம் தொடங்கினார். இந்தியாவில் இந்தக் குழந்தைகளுக்கான கல்வியின் முன்னோடி அது. மாலினி பின்னாளில் தன் வரலாற்றை ஒற்றை விரலால் தட்டச்சு செய்து எழுதினார். நூலின் பெயரும் அந்த விரல்தான். பூனம் நடராஜன் 1985-இல் சென்னையில் தொடங்கிய வித்யாசாகரும் பேச முடியாத பிள்ளைகளின் மாற்றுப் பேச்சுக்கு முக்கியத்துவம் கொடுத்த இடம்.

மணிக்கணக்குதான் மருந்து என்றால், அதை யார் தருவது என்ற கேள்வி இருக்கிறது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்புகிறது. அவர்கள் தாய்க்கு ஒன்றிரண்டு விளையாட்டுகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள், சிகிச்சையாளர்கள் செயலி வழியே பின்தொடர்வார்கள். மாவட்டங்களில் அரசு நடத்தும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களும் உண்டு. கைக்குழந்தை விஷயத்தில் சந்தேகம் வந்தால், பெயர் உறுதியாகும்வரை காத்திராமல் அங்கே போகலாம்.

மற்ற மணி நேரங்கள் வீட்டில்தான் கிடைக்கும். இரு கை வேலைகளுக்காக வெளிநாட்டு ஆய்வகங்களில் விதவிதமாகப் பொம்மைகள் வாங்கி அடுக்கியிருப்பார்கள். நம் அடுக்களையில் அவை வேறு பெயரில் இருக்கின்றன. அவித்த வேர்க்கடலை: ஒரு கை பிடிக்க வேண்டும், மறு கை உடைக்க வேண்டும். சப்பாத்தி மாவை இரண்டாகப் பிய்க்க இரு கையும் வேண்டும். மூடியைத் திறந்தால்தான் மிட்டாய் என்றால், மூடிய கைகூட டப்பாவை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கும். முதல் நாள் டப்பா உருண்டு ஓடும். பாட்டி எடுத்துக் கொடுக்க எழுவார். எழ வேண்டாம் என்று சொல்வதுதான் சிகிச்சையாளருக்கு அங்கே மிகக் கடினமான வேலை.